ஸ்ட்ராங்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது சரக்குப் பதிவு இல்லை. மப்பு ஜோக்கு எதிர்பார்த்து வந்தவங்களும் சரி, 'குடி குடியைக் கெடுக்கும்'னு பின்னூட்டம் போட கை பரபரக்குறவங்களும் சரி, ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க. இன்னிக்கு சண்டை ரெண்டு கோஷ்டி கூடவும்தான்.

குடியைப் பத்தி நாம எழுதுறதுல ரெண்டே வகைதான் இருக்கு. ஒண்ணு கொண்டாட்டம். 'நேத்து நைட்டு மச்சான் மூணு கவுத்துட்டு பைக்கை எங்க நிறுத்தினோம்னு தெரியாம...' வகையறா. இன்னொண்ணு ஒப்பாரி. தாலி, கண்ணீர், தள்ளாடும் தமிழகம். ரெண்டும் எதிரெதிர் மாதிரி தெரியும். ஆனா ஒரு விஷயத்துல ரெண்டு கோஷ்டிக்கும் நூத்துக்கு நூறு ஒத்துமை. குடின்னா போதை, போதையைத் தவிர அதுல ஒண்ணும் கிடையாது. யாராவது 'இது வாசனை எப்படி இருக்கு தெரியுமா'ன்னு ஆரம்பிச்சா, 'வந்துட்டாருய்யா ஸீனு'ன்னு ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து கும்முவாங்க.

நான் அந்த ஸீன் பார்ட்டிதான். கும்முறதுக்கு முன்னாடி கதையைக் கேட்டுடுங்க.

2018ல ஆறு மாசம் ஆணி புடுங்க மியூனிக் அனுப்பினாங்க. கூட வேலை பார்த்த ஒரு பெரியவர், ஓய்வு பெற ரெண்டு வருஷம் பாக்கி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'டால்'னு ஒரு தெருவுல இருக்கற ஷ்னைடர் பீர்க் கடைக்கு கூட்டிட்டுப் போனார். நான் வழக்கம் போல 'ஸ்ட்ராங்கா இருக்கறதா சொல்லுங்க'ன்னேன். அவர் சிரிச்சுட்டு ஒரு பாட்டில் சொன்னார். பேரு அவென்டினுஸ். 'வைட்சன்பாக்'னு சொல்ற வகை, அதாவது கோதுமையில காய்ச்சின கருத்த, கனமான பீர். 8.2 சதவீதம்.

அவர் ஊத்தின விதமே எனக்குப் புதுசு. உயரமான, இடுப்பு சிறுத்த கிளாஸை முதல்ல தண்ணியில அலசினார். சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா ஊத்தினார். கடைசியில ரெண்டு விரக்கடை மிச்சம் வெச்சு, பாட்டிலை ஒரு சுத்து சுத்தி, அடியில தங்கின ஈஸ்ட்டையும் கலக்கி மேல விட்டார். நம்ம டபரா காபி மாதிரி நுரை நிக்குது. நிறம் பார்த்தா கருப்பட்டிப் பாகுல சிவப்பு கலந்தாப்ல இருந்தது, கலங்கலா. மூக்கு கிட்ட கொண்டு போனேன். வாழைப்பழம்! நல்லா பழுத்து தோல் கருத்த செவ்வாழை. அதுக்குப் பின்னாடி கிராம்பு. ஒரு வாய் குடிச்சா பேரீச்சை, உலர்திராட்சை, பணியாரத்தோட கருகின அடி, கடைசியில லேசா தொண்டையில ஒரு சூடு. கசப்பு இருக்குதான்னு தேடணும்.

'இதுல வாழைப்பழம் போடுவாங்களா?'ன்னு கேட்டேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார் :-)

போடுறது இல்லைங்க. கோதுமை மால்ட், பார்லி மால்ட், ஹாப், தண்ணி, ஈஸ்ட். அவ்ளோதான். ஜெர்மன் சட்டப்படி கோதுமை பீர்னு பேர் வைக்கணும்னா மால்ட்டுல பாதிக்குக் குறையாம கோதுமை இருக்கணும். மாயம் பண்றது ஈஸ்ட். வெதுவெதுப்பான சூட்டுல மேலாகப் பொங்கிப் புளிக்கிற இந்த ஈஸ்ட் தானாவே ஐசோஅமைல் அசிடேட்டை உண்டாக்கும். வாழைப்பழ வாசனை அதுதான். தானியத்துல இருக்கற ஃபெருலிக் அமிலத்தை உடைச்சு 4-வினைல் குவாயகாலா மாத்தும், அது கிராம்பு. நிறமும் பேரீச்சை ருசியும் வறுத்த மால்ட்டுல இருந்து வருது, காபிக்கொட்டை வறுக்கும் போது நடக்கற அதே சமாச்சாரம். 'பாக்'னு பேர் வைக்க புளிக்கறதுக்கு முன்னாடியே அந்தச் சாறு இவ்ளோ கெட்டியா இருக்கணும்னு கணக்கு உண்டு, குறைஞ்சது 16 டிகிரி பிளாட்டோ. அதாவது தானியத்தை அள்ளிப் போட்டாத்தான் அந்தப் பேரு. ஆல்கஹால் அதோட கூடவே வருது.

அந்த ஒரு கிளாஸ் காலியாக முக்கால் மணி நேரம் ஆச்சு. பாதிக்கு மேல, குளிர்ச்சி குறையக் குறைய ருசி மாறிக்கிட்டே போகுது. பெரியவர் அவரோட பேத்தி கதை எல்லாம் சொல்லி முடிச்சார்.

இப்ப சேலையூர் மொட்டை மாடிக்கு வாங்க.

திரும்பி வரும்போது நாலு பாட்டில் கொண்டு வந்தேன். அரை லிட்டர் நாலு, ரெண்டு லிட்டர், கஸ்டம்ஸ்ல அனுமதிக்கிற அளவு சரியா இருந்துச்சு. தங்கமணி கிட்ட வாங்கின திட்டு தனிக் கணக்கு. மூணு கூட்டாளிங்களை கூப்பிட்டு, ஜூஸ் கிளாஸ்ல பெரியவர் மாதிரியே ஊத்தி, ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆத்தினேன்.

'எத்தனை பர்சென்ட்டு மாப்ள?'

'எட்டு புள்ளி ரெண்டு.'

'நம்மூரு ஸ்ட்ராங்கும் எட்டுதானேடா. இதுக்கா கடல் தாண்டி தூக்கிட்டு வந்த?'

மடக்கு மடக்குனு ரெண்டு முழுங்கு. கிளாஸ் காலி. 'என்னடா வாழைப்பழ எஸன்ஸ் ஊத்தியிருக்கு. ஏறவே இல்லையே!'

அவன் மேல கோவம் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோவம், அவனுக்கும் எனக்கும் அப்படிக் குடிக்கக் கத்துக்கொடுத்த ஏற்பாட்டு மேல.

நம்மூர் பாட்டில்ல 'ஸ்ட்ராங்'னு போட்டிருந்தா என்ன அர்த்தம்? ருசி கனமா இருக்கும்னா? இல்லை. எட்டு சதவீதத்துக்கு மிகாம ஆல்கஹால் இருக்கும்னு அர்த்தம், அவ்ளோதான். பார்லியோட அரிசி, மக்காச்சோளம், சர்க்கரைன்னு ஏதாவது சேர்த்து ஆல்கஹாலை ஏத்துறது இந்திய ஸ்ட்ராங் பீர்கள்ல சகஜம். சர்க்கரை முழுசாப் புளிச்சு ஆல்கஹாலா போயிடும், ருசி எதையும் விட்டுட்டுப் போகாது. அப்புறம் அதை ஐஸ் மாதிரி ஜில்லுனு கேட்கிறோம். ஜில்லுனு இருந்தா நாக்கு மரத்துப் போகும், வாசனை மேல எழும்பாது. ருசி தெரியாம இருக்கறதுக்காகவே ஜில்லுனு குடிக்கிற ஒரே சாப்பாட்டுப் பொருள் இதுதான்னு நினைக்கிறேன். இந்தியாவுல விக்கிற பீர்ல பெரும்பங்கு இந்த ஸ்ட்ராங்தான்.

இதுக்கு என்ன காரணம்? 'நம்மாளுக்கு ருசி தெரியாது'ன்னு சொன்னா செருப்பால அடிப்பேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல காலையில ஆறு மணிக்கு டீ குடிக்கிற ஆளு 'டிகாக்ஷன் நேத்துதா?'ன்னு கேட்பான். காபியில சிக்கரி எத்தனை பங்குன்னு ஒரு வாய்ல சொல்ற மாமிங்க குரோம்பேட்டையில தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. ஆம்பூர் பிரியாணியா திண்டுக்கல்லான்னு பதிவுலகத்துல நாம போட்ட சண்டைக்கு அளவு உண்டா? அந்த நாக்குதானே இது? பீர் கிளாஸைப் பார்த்ததும் மட்டும் அது எங்க போச்சு?

ஒளிஞ்சுக்கிட்டுக் குடிக்கிறவனுக்கு நாக்கு வேலை செய்யாதுங்க. காரணம் அவ்ளோதான்.

கொஞ்சம் பழசைப் பாருங்க. 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கை ஆரம்பிச்சார். 1948ல மாகாணம் முழுக்க. 1971ல கலைஞர் தள்ளி வெச்சார், கொஞ்ச வருஷத்துல மறுபடி மூடினாங்க. 1981ல எம்ஜிஆர் காலத்துல திறந்தாங்க. 1983ல டாஸ்மாக், 1987ல கள்ளுக்குத் தடை, 2003ல சில்லறைக் கடையும் அரசு கையில. திறக்கறதும் மூடறதுமா இந்த எண்பது தொண்ணூறு வருஷத்துல நம்ம சமூகம் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: கிடைக்கும் போது சீக்கிரம் குடி, யாரும் பாக்கறதுக்குள்ள குடி, காசுக்கு ஏறுறதைக் குடி.

நம்ம விவாதமும் அப்படியேதான் ஓடுது. 2016 டிசம்பர்ல நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2017 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல கடைகளை மூடினாங்க. நம்ம ஜிஎஸ்டி ரோடும் தேசிய நெடுஞ்சாலைதானே. சின்ன ஊருக்கு 220 மீட்டர் போதும்னாங்க. அப்புறம் ஜூலையில, நகர எல்லைக்குள்ள இருக்கற சாலைக்கு இந்தத் தடை பொருந்தாதுன்னு விளக்கம் வந்துச்சு. மீட்டர் மீட்டரா அளந்தோம். 2016ல 500 கடை, 2017ல 500, 2023ல 500ன்னு எண்ணி எண்ணி மூடினோம். என்ன குடிக்கிறான், எப்படிக் குடிக்கிறான், எங்க உக்காந்து குடிக்கிறான்னு யாராவது ஒரு வரி கேட்டாங்களா? 2023-24ல 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல அரசுக்கு வந்துச்சு. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரு வேடிக்கை தெரியுமா? நான் தலையில தூக்கி வெச்சு ஆடுற இந்தக் கோதுமை பீரும் ஒரு காலத்துல அரசு ஏகபோகம்தான். 1516ல பவேரியாவுல பீருக்கு பார்லி, ஹாப், தண்ணி மட்டும்தான்னு சட்டம். கோதுமை ரொட்டிக்கு வேணும். அப்புறம் டேகன்பெர்க்னு ஒரு பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் உரிமை. 1602ல அந்த வம்சம் முடிஞ்சதும் மாக்சிமிலியன் கோமகன் உரிமையைத் தன் கையில எடுத்துக்கிட்டார். கிட்டத்தட்ட 200 வருஷம், 1798 வரைக்கும், அதுல வந்த காசு கஜானாவுக்கு. 1872ல கியோர்க் ஷ்னைடர்ங்கறவர் ராஜா ரெண்டாம் லுட்விக் கிட்ட இருந்து உரிமை வாங்கி மியூனிக்ல காய்ச்சினார். 1907ல மாத்தில்டே ஷ்னைடர்ங்கற அம்மா காலத்துலதான் அவென்டினுஸ் வந்துச்சு. 1944 குண்டுவீச்சுல மியூனிக் ஆலை நாசமாகி, காய்ச்சறது கேல்ஹைமுக்குப் போச்சு. ஏகபோகம் இருந்த ஊர்லயும் ருசி செத்துப் போகலை. ஏன்னா அங்க காய்ச்சறவனும் குடிக்கிறவனும் தலை நிமிர்ந்து உக்காந்திருந்தாங்க.

'இதெல்லாம் மேட்டுக்குடிப் பேச்சு, வெள்ளைக்காரன் சமாச்சாரம்'னு சொல்ல வர்றீங்களா? பெரும்பாணாற்றுப்படையைத் திறங்க. காஞ்சியில இருந்த இளந்திரையனைப் பத்தின பாட்டு. நம்ம தொண்டை நாட்டுப் பாட்டு, பாஸ். அரிசியைக் கூழாக் காய்ச்சி, அகலமான தட்டுல ஆற வெச்சு, அடை கலந்து, சாடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி விளைய வெச்சு, விரலால பிழிஞ்சு, சுட்ட மீனோட கொடுத்த கதை அதுல விலாவாரியா இருக்கு. அரிசி பீர்தான் அது, வேற என்ன? 'தோப்பி'ன்னு அதுக்கு ஒரு பேரே இருந்துச்சு. தெளிஞ்சதுக்கு 'தேறல்'னு தனிப் பேரு. பேர் பேரா பிரிச்சு வெச்சிருந்த மொழியில இன்னிக்கு இருக்கறது ஒரே வார்த்தை. சரக்கு. லாரியில ஏத்துறதுக்கும் அதே பேருதான்.

கள்ளோட கதையைப் பாருங்க. பனை நம்ம மாநில மரம். அதுல இறக்கற கள்ளு பீர் அளவு போதைதான், அதுவும் பொழுது ஏற ஏறத்தான் புளிக்கும். அதுக்குத் தடை. கலப்படம்னு காரணம். 42.8 சதவீத பிராந்திக்கு அரசுக் கடை. கலப்படம் பயம்னா சோதனை பண்ண வழி பாருங்க. தடை போட்டதால விஷச் சாராயம் நின்னுச்சா? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் குடிச்சு அறுபதுக்கும் மேல ஜனங்க செத்தாங்களே.

சரி. இப்ப ஒப்பாரி கோஷ்டிக்கு. உங்க கிட்ட சத்தமாப் பேச எனக்குத் தகுதி குறைவுதான். ஏன்னா எங்க சித்தப்பா.

பல்லாவரத்துல தோல் தொழிற்சாலை வேலை. தங்கமான மனுசன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தவர். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணி பாக்கெட். நின்னபடியே, மூக்கைப் பொத்திக்கிட்டு, ஒரே இழுப்பு. முகத்தைச் சுளிச்சு ஒரு ஊறுகாய். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒரு தடவை கேட்டேன், 'பிடிக்காமத்தானே சித்தப்பா குடிக்கிறீங்க, மூக்கைப் பொத்துறீங்களே?' சிரிச்சார். 'ருசிக்கா குடிக்கறாங்க?'ன்னார். 2016ல ஈரல் போய் செத்துட்டார். ஐம்பத்து மூணு வயசு.

'அவருக்கு உன் கோதுமை பீரைக் கொடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா?'ன்னு கேளுங்க. மாட்டார். கணக்கு போடுவோமே. குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல சுத்த ஆல்கஹால் 77 மில்லி. நம்மூர் ஸ்ட்ராங் 650 மில்லி பாட்டில்ல 52. அவென்டினுஸ் அரை லிட்டர்ல 41. ரெண்டு அவென்டினுஸ் குடிச்சா 82, குவார்ட்டரைத் தாண்டிடும். ஈரலுக்கு வாழைப்பழ வாசனை தெரியாதுங்க. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 1988லயே முதல் பட்டியல்ல சேர்த்துடுச்சு. ஜெர்மனியிலயும் குடிநோயாளிங்க இருக்காங்க. ருசி மருந்துன்னு சொல்ற ஆள் நான் இல்லை.

நான் சொல்றது சின்ன விஷயம். மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிக்கிறவனுக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரிய வழியே இல்லை. ருசிக்குக் குடிச்சா 'போதும்'னு ஒரு இடம் வரும், அஞ்சாவது இட்லியில வர்ற மாதிரி. போதைக்குக் குடிச்சா 'போதும்'ங்கற வார்த்தையே கிடையாது, விழுற இடம்தான் கணக்கு. எல்லாருக்கும் அந்த 'போதும்' வராது. வர்றவனுக்காவது வரட்டுமே. அந்த வழியையும் சேர்த்து அடைச்சு வெச்சுட்டு, எல்லாரையும் ஒரே இழுப்புக்குப் பழக்கி வெச்சிருக்கோம்.

நாலாவது பாட்டில் கதையையும் சொல்லிடறேன். ஒரு ஞாயித்துக்கிழமை மாடியில தனியா ஊத்திக்கிட்டு இருந்தேன். சிட்லபாக்கத்துல இருந்து சித்தி வந்துட்டாங்க, முன்னாடி சொல்லாம. மறைக்கிறதா வேணாமான்னு முழிச்சேன். மறைக்கலை. கிளாஸைப் பார்த்தாங்க. எடுத்து மோந்தும் பார்த்தாங்க.

'வாழைப்பழ வாசம் அடிக்குதுடா.'

'ஆமா சித்தி.'

'இதுவும் அதுதானா?'

'அதுதான் சித்தி.'

கிளாஸை கீழ வெச்சாங்க. 'வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் வியாக்கியானம் எல்லாம் என்கிட்ட சொல்லாத. எத்தனைல நிறுத்துவ, அதைச் சொல்லு.'

'ஒண்ணு சித்தி.'

'அவரும் ஒண்ணுனுதான் சொன்னாரு.'

எனக்கு பதில் வரலை. இன்னிக்கு வரைக்கும் வரலை. அந்தக் கிளாஸை முடிக்கவும் இல்லை. இதைச் சொல்லாம விட்டிருந்தா என் கட்சி இன்னும் பலமா இருந்திருக்கும், ஆனா அது பொய்க் கட்சி ஆயிருக்கும். சித்தி கேட்டதுதான் சரியான கேள்வி. நம்ம ஊர்ல கடைசியா யாராவது குடியைப் பத்திக் கேட்ட உருப்படியான கேள்வியும் அதுதான். மீட்டர் கேட்கலை, பர்சென்ட் கேட்கலை. எத்தனைல நிறுத்துவ?

அதனால பதிவுலக மக்களே, உங்க கிட்ட கேக்கறது மூணு.

ஒண்ணு, 'கவுத்துட்டோம்ல'ங்கற வீரப் பதிவுகளை நிறுத்துங்க. ஒரு மடக்குல குடிக்கிறது வீரம்னு நாம எழுதி எழுதித்தான் காலேஜ் பசங்க நம்புறாங்க. சித்தப்பா குடிச்சது அப்படித்தான், அதுல வீரம் ஒண்ணும் இல்லை.

ரெண்டு, மதுவிலக்கு வேணும்னு எழுதுறவங்க, கள்ளுக்கு ஏன் தடை, பிராந்திக்கு ஏன் கடைன்னு அதே பதிவுல கேளுங்க. கேட்காம எழுதினா அது பாதி நியாயம்.

மூணு, குடிக்கிறவங்க, குடிக்கிறதா இருந்தா, மோந்து பாருங்க. உக்காந்து குடிங்க. என்ன ருசி வந்துச்சுன்னு நாலு வரி எழுதுங்க. எழுத ஒண்ணுமே தோணலைன்னா, அதை ஏன் குடிச்சீங்கன்னு யோசிங்க. குடிக்காதவங்க, ரொம்ப சந்தோஷம், அப்படியே இருங்க. உங்களை இழுக்கறதுக்கு இந்தப் பதிவு இல்லை.

பெங்களூருல டோய்ட்ல அவங்களே காய்ச்சற கோதுமை பீர் கிடைக்குது. பாண்டிச்சேரியிலயும் சொந்தமா காய்ச்சற இடம் இருக்கு. அதெல்லாம் லைட் வகை, கருப்பு கோதுமை கிடைச்சா என் அதிர்ஷ்டம். தாம்பரத்துல இருந்து பஸ் ஏறி பாண்டி போய் ஒரு கிளாஸ் குடிச்சுட்டு வர்றது எவ்ளோ அபத்தம்னு எனக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அபத்தம் போதும். அதையும் சித்தி கிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்.

டிஸ்கி 1: 'எங்க கிடைக்கும்?'னு பின்னூட்டத்துல கேட்காதீங்க. நானே தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

டிஸ்கி 2: வாழைப்பழ எஸன்ஸ்னு சொன்ன மாப்ள இதைப் படிப்பான். டேய், உனக்குக் கொடுத்த அந்த ஒரு கிளாஸை நான் இன்னும் மன்னிக்கலை :-)

டிஸ்கி 3: தங்கமணி படிச்சா ஆட்டோ வராது, நேரா ஆம்புலன்ஸ்தான். நான் எஸ்கேப்.